ஆல்பேட்டையில் பஸ் நிற்கும்

முதலியார்பேட்டையில் இரண்டாவது மாடி.
கீழே பரோட்டாக் கடை, மேலே நாங்கள் நாலு பேர்.
கெர்னலுக்குள் குறுக்கே
ஒரு கயிறு கட்டிவிட்டு நிற்பது என் வேலை.

எழுது என்று ஒரு செயலி சொல்லும்.
சொன்னது நேரே டிஸ்க்குக்குப் போய்விடாது.
டிரைவர் டிரைவராக இறங்கி வரும்
எந்த இடம், எத்தனை பைட், எந்தப் பஃபர் என்று
மடியில் முடிந்த சீட்டோடு.
கடைசிப் படிக்கு முந்தின படியில்
அதை நான் மறிப்பேன்.
அனுப்பியவருக்கு என்னைத் தெரியாது.
வாங்குகிற டிஸ்க்குக்கும்.

போ என்று விடலாம், இல்லையென்று திருப்பலாம்.
கொஞ்சம் இரு என்று ஓரங்கட்டினால்தான் வம்பு:
நிறுத்தியதை மறந்துவிட்டால்
எங்கோ ஒரு திரையில்
ஒரு வட்டம் விடியும்வரை சுற்றும்.
சில படிகளில் தூங்கவும் கூடாது.
கண் அசந்தால் நீலத்திரை.

பத்தரைக்குக் கடலூர் பஸ்.
அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம்,
ஆற்றைத் தாண்டி ஆல்பேட்டையில் நிற்கும்.
எத்திராசு ஏறுவார், ஒரு கையில் டார்ச்சு,
ஒரு கையில் மூங்கில் கழி.
பை பையாகத் தட்டிக்கொண்டே வருவார்.
கண்ணாடி பேசினால் திறப்பார்.
புதுச்சேரி விலைக்கும் கடலூர் விலைக்கும்
நடுவில் அவர் காது.

முதல் வாரம் என் பையில் ஒரு டிஸ்க்.
"என்னம்மா இது?"
"ஒரு சங்கத்துக் கணக்கு பூரா இதுலதான் சார்."
காதோரம் வைத்துக் குலுக்கினார்.
தளும்பவில்லை. கொடுத்துவிட்டார்.
மறுவாரத்திலிருந்து
"டிஸ்க்கு மேடம்" என்று சிரித்துத் தாண்டிப் போவார்.

ஆவணியில் பிழை வந்தது.
எழுதுவதையெல்லாம் லாகில் குறித்துவை என்றிருந்தேன்.
குறிப்பதும் எழுத்துத்தானே,
அது என்னிடமே இறங்கி வந்தது.
குறித்தேன்.
அந்தக் குறிப்பு வந்தது.
குறித்தேன்.
வந்தது
குறித்தேன்
வந்தது
கெர்னல் தரும் அடுக்கு ரொம்பச் சின்னது.
சம்பள நாளும் அதுவுமாக
வில்லியனூர் சங்கத்தில் பதினோரு கணினி
ஒன்றாக விழுந்தன.

அருள்தாஸ் பரோட்டா மென்றபடி சொன்னான்:
"நம்ம எழுத்துக்கு ஒரு அடையாளம் போடு.
அடையாளம் இருந்தா பாக்காம விடு."
ஒரே வரி.
அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை.

அன்றிரவு பக்கத்தில் பூங்காவனம்.
ஓட்டல் போர்வை துவைத்து வெளுத்த விரல்கள்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் என் பக்கம் சாய்ந்தாள்.
"கண்ணு, ரெண்டே ரெண்டு குவாட்டரு.
நாளைக்கி மச்சான் வராரு.
உன் பையிலதான் பாக்க மாட்டாங்களே."
சரி என்று நான் சொன்னதாக ஞாபகமில்லை.
பை கனத்திருந்தது.

டார்ச்சு வந்தது. "டிஸ்க்கு மேடம்."
கழி என்னைத் தாண்டி
பூங்காவனத்தின் காலிப் பையை
இரண்டு தரம் தட்டியது,
திறந்தும் பார்த்தது: ஒரு டிபன் டப்பா, சீப்பு,
பாதி சோப்பு.
அவள் எத்திராசை நிமிர்ந்து பார்த்த பார்வையில்
என்ன ஒரு யோக்கியம்!
பஸ் நகர்ந்தது.
மடியில் தளும்பியது எனக்கு மட்டும் கேட்டது.

திருப்பாதிரிப்புலியூரில் பாட்டிலை எடுத்துக்கொண்டு
ஒரு கொய்யா கொடுத்தாள்.
காய்வெட்டு. கடித்துக்கொண்டே நடந்தேன்.

வீட்டில் விளக்குப் போடவில்லை.
மடிக்கணினியைத் திறந்தால்
அந்த ஒரு வரி அங்கேயே உட்கார்ந்திருந்தது.
அடையாளம் அசலா, யார் ஒட்டியது
என்று கேட்க இன்னும் முப்பது வரி வேண்டும்.
மணி பன்னிரண்டே கால்.
'நாளை பார்க்க' என்று மேலே ஒரு குறிப்பு எழுதிச்
சேமித்தேன்.

அது இறங்கிப் போயிற்று,
படி படியாக,
என் அடையாளத்தோடு,
யாரும் தட்டிப் பார்க்காமல்.